பொழுதுக்கு ஒரு வணக்கம்

2024ஆம் ஆண்டு கோடை விடுமுறையில், டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோ நகரில் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். பேரன் அங்கே இரண்டாம் வகுப்பு. ஒருநாள் பாட்டிமாரையும் வகுப்பில் வந்து அமருமாறு அழைத்திருந்தார்கள். அன்றைய பாடம், ஸ்பானிய மொழியில் வணக்கம் கூறுவது.

காலையில் 'புவேனோஸ் தியாஸ்', பிற்பகலில் 'புவேனாஸ் தார்தேஸ்', இரவில் 'புவேனாஸ் நோச்செஸ்'. ஆசிரியை சூரியனையும் நிலவையும் படமாகத் தூக்கிக் காட்ட, பிள்ளைகள் கூரை அதிரக் கூவினார்கள். நம் 'வணக்கம்' கடிகாரம் பார்ப்பதில்லை என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமை!

நலம் விசாரிக்கும்போதுதான் தொல்லை வந்தது. தோழனிடம் 'கோமோ எஸ்தாஸ்'. பெரியவரிடம் 'கோமோ எஸ்தா உஸ்தேத்'. ஆங்கிலத்தில் எல்லோருக்கும் ஒரே 'யூ' அல்லவா? பிள்ளைகள் விழித்தனர். தாத்தா படத்தைக் காட்டியபோதும் 'எஸ்தாஸ்' என்றே கத்தினர். என் பேரன் எழுந்தான். "எங்கள் வீட்டில் தம்பிக்கு 'வா', அம்மாச்சிக்கு 'வாங்க'. அதுதானே இது?" என்றான். 30 ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பிக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

என் அருகில், மெக்சிகோ வழிவந்த, எழுபதைத் தாண்டிய அம்மையார் ஒருவர். அவர் வாய் திறக்கவேயில்லை. "நான் படித்த பள்ளியில் இந்தச் சொல்லுக்கு அடி விழும்" என்றார், ஆங்கிலத்தில், மெல்ல. மிகையன்று. ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்று டெக்சாஸில் 1918இல் சட்டம் வந்தது. 1969இல்தான் அது தளர்ந்தது. மார்ஃபா என்னும் ஊரில் பிளாக்வெல் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே, 1954இல், ஸ்பானியச் சொற்களைச் சீட்டில் எழுதவைத்துப் பெட்டியிலிட்டுப் புதைக்கச் செய்தார்கள். ஒரு மொழிக்கு ஈமச்சடங்கு!

கல்லூரிக்கு வருமுன் நான் ஒரு பள்ளியில் ஆசிரியை. வகுப்பில் தமிழ் பேசிய பிள்ளைகளிடம் தலைக்கு ஒரு ரூபாய் தண்டம் வாங்கியவள். அதை அந்த அம்மையாரிடம் நான் சொல்லவில்லை.

பாடம் முடிந்ததும் பிள்ளைகள் வரிசையாக வந்து பாட்டிமாரை நலம் கேட்டார்கள். அவருடைய பேத்தி நிமிர்ந்து நின்று, "கோமோ எஸ்தா உஸ்தேத்?" என்றாள். அம்மையார் கதவுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு பதில் சொன்னார்.