பதின்மூன்றாம் எண் வீடு

லண்டனில் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் சதுக்கத்தின் வடபுறத்தில், ஸர் ஜான் ஸோன் வாழ்ந்த வீட்டு வாசலில் காத்து நின்றபோது எனக்கு அதன்மேல் பெரிய மதிப்பு ஒன்றும் உண்டாகவில்லை. அக்கம்பக்கத்து வீடுகள் செங்கல் முகப்போடு ஒரே கோட்டில் நிற்க, இது மட்டும் வெளுத்த கல்லில் ஒரு முன்சுவரை மாட்டிக்கொண்டு தெருப்பக்கம் துருத்தியிருக்கிறது. மேல்மாடி உயரத்தில் இரண்டு பெண் சிலைகள். சமாதிக்கு வைக்கிற முகப்பை வீட்டுக்கு வைத்துவிட்டாரே என்று நினைத்தேன். ஏறக்குறைய இதே அபிப்பிராயத்தை 1815இல் ஒருவன் பெயர் போடாமல் அச்சிட்டிருக்கிறான். அவன் ஸோனின் இளைய மகன், ஜார்ஜ்.

ஸோன் 1753இல் ஒரு கொத்தனாரின் மகனாகப் பிறந்தவர். 1788 முதல் 1833 வரை பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் கட்டடக்கலைஞர். அந்த பாங்கில் அவர் கட்டிய மண்டபங்களை 1920களிலும் 30களிலும் இடித்துவிட்டார்கள். வெளிமதில்தான் பெரும்பாலும் மிச்சம். எனவே அவர் யார் என்று அறிய இந்த வீட்டுக்குத்தான் வரவேண்டியிருக்கிறது. 1792இல் 12ஆம் எண்ணை வாங்கினார். பிறகு 13. கடைசியாக 1820களில் 14. மூன்றின் பின்புறங்களையும் உள்ளுக்குள் ஒன்றாக்கினார். 13இன் முகப்பு 1812இல் எழும்பியபோது, அது தெருக்கோட்டை மீறுகிறது என்று கட்டட ஆய்வாளர் வழக்குப் போட்டார். ஸோன் ஜெயித்தார்.

லண்டன் நகர வீட்டுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு. முகம் குறுகல், உடம்பு நீளம். இரண்டு பக்கச் சுவர்களும் பக்கத்து வீட்டோடு பொது, ஜன்னல் வைக்க முடியாது. தெருப்பக்கமும் கொல்லைப்பக்கமும்தான் வெளிச்சம், நடுவில் இருட்டு. இந்த நடு இருட்டுத்தான் ஸோனுடைய கட்டடப் பொருள். செங்கல்லும் சுண்ணாம்பும் அதற்குப் பிறகு. காலை உணவு அறையில் நின்று பார்த்தால் இது விளங்கும். கூரை, நாலு மூலைகளிலும் பிடித்துக் கட்டிய துணிபோல் லேசாகக் கவிந்திருக்கிறது. ஆனால் அது எதிரெதிர்ச் சுவர்களைத் தொடுவதில்லை. சுவருக்கும் கவிகைக்கும் நடுவே விட்ட இடைவெளியில், மேலே மறைவாக வைத்த கண்ணாடிக் கூரை வழியாக வெளிச்சம் இறங்கிச் சுவரில் வழிகிறது. சில இடங்களில் மஞ்சள் கண்ணாடி. மேகமூட்டமான அன்றும் மாலை வெயில் போல ஒன்று. எங்கிருந்து வருகிறது என்று தேடினால் அகப்படாது. கவிகையில் பதித்த சிறிய குவிந்த கண்ணாடிகளில் முழு அறையும், அதில் நிற்கும் நாமும், கடுகளவாகத் திரும்பத் திரும்ப வருகிறோம். சிறிய அறைதான். ஆனால் அதன் எல்லை எது என்று கண்ணால் தீர்மானிக்க முடிவதில்லை.

மாடிப்படி, நூலகம் எல்லாம் அழகுதான். அவற்றைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

படங்கள் இருக்கும் அறை சுமார் நான்கு மீட்டர் சதுரம். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். சுவர் என்று நாம் நினைப்பது கீல் வைத்த பலகை. பணியாளர் அதைத் திறக்கிறார். உள்ளே இன்னொரு வரிசைப் படங்கள். ஒரு பக்கத்தில் அதையும் திறந்தால் சுவரே இல்லை. கீழே ஒரு பள்ளமும் அதில் விழும் வெளிச்சமும். இந்தப் பலகைகளில்தான் ஹோகார்த்தின் எட்டுப் படங்கள் தொங்குகின்றன. தகப்பன் சேர்த்த சொத்தை ஊதாரி மகன் அழித்துப் பைத்தியக்கார விடுதியில் முடியும் கதை. 1802இல் அவற்றை ஏலத்தில் 570 கினிக்கு எடுத்தது ஸோனின் மனைவி எலிஸா. அப்போது ஜார்ஜுக்கு 12 வயது. பிள்ளைகள் கட்டடக்கலைஞர்களாக வரவேண்டும் என்று தகப்பன் கனவு கண்டுகொண்டிருந்த காலம். பெரியவனால் முடியவில்லை, சின்னவனுக்கு இஷ்டமில்லை. ஜார்ஜ் எழுத்தாளனாகப் போனான். கடன்பட்டுச் சிறைக்கும் போனான்.

பிறகுதான் 'சாம்பியன்' பத்திரிகையில் அந்தக் கட்டுரைகள். தாய்க்கு யார் கை என்று தெரிந்துவிட்டது. அவள் ஏற்கெனவே நோயாளி. 1815 நவம்பர் 22இல் இறந்தாள். மருத்துவர் வேறு காரணம் சொல்வார். ஸோன் தன் காரணத்தை மாற்றிக்கொள்ளவேயில்லை. அந்தக் கட்டுரைகளைச் சட்டம் போட்டு, ஜார்ஜ் கொடுத்த மரண அடிகள் என்று எழுதி, இதே வீட்டில் மாட்டிவைத்தார்.

என்னைத் தொந்தரவு செய்வது, மகன் சொன்னது சரி என்பதுதான். இது சமாதி. ஸோனுக்கே தெரியும். 1812இல், முகப்பு எழும்பும்போதே, இந்த வீடு பாழடைந்த பின் யாரோ வந்து இது கோயிலா, மடமா, மந்திரவாதியின் இருப்பிடமா என்று குழம்புவதாக ஒரு குறிப்பு எழுதிவைத்தார். ஜார்ஜின் ஏளனத்துக்கு 9 வருஷம் கழித்து, 1824இல், பிரிட்டிஷ் மியூசியம் வாங்க மறுத்த முதலாம் சேத்தியின் கல் சவப்பெட்டியை 2000 பவுனுக்கு வாங்கி நிலவறையில் இறக்கினார். அடுத்த வருஷம் மூன்று இரவுகள் விளக்கேற்றி விருந்தினரை அழைத்துக் காட்டினார். விமர்சகன் வீட்டைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறான். வீட்டுக்காரர் அந்த வாசிப்பைக் கல்லில் பூர்த்தி செய்திருக்கிறார்.

என் விஷயமும் ஒன்று உண்டு. பல வருஷங்களுக்கு முன், எனக்குக் கவிதை வாசிக்கக் கற்றுத்தந்த ஒருவரின் தொகுப்புக்குப் புனைபெயரில் மதிப்புரை எழுதினேன். அவர் கவிதைகளில் துக்கம் அனுபவமாக இல்லை, தட்டுமுட்டுச் சாமானாக இருக்கிறது என்பது என் கட்சி. இன்றும் அதை மாற்றிக்கொள்ள எனக்குக் காரணம் தென்படவில்லை. எழுதியது யார் என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. நான் காற்புள்ளி வைப்பதைத் திருத்தியதே அவர்தான். அதன் பிறகும் அவர் சாகும்வரை போய்வந்துகொண்டிருந்தேன். காபி வரும். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது என்று காட்டாத அந்த அறையில் நின்றபோது அவர் வீட்டுத் தாழ்வாரம் ஞாபகம் வந்தது.

1833இல் ஸோன் பார்லிமெண்டில் ஒரு சட்டமே போடச் செய்தார். தான் இறக்கும்போது வீடு எப்படி இருக்கிறதோ கூடியவரை அப்படியே, பொதுமக்களுக்காக. ஜார்ஜுக்கு வீடு கிடையாது. 1837இல் ஸோன் இறந்தார். ஜார்ஜ் 1860 வரை இருந்தான். சில அலமாரிகளை முத்திரையிட்டு, 1866, 1886, 1896 என்று தவணை வைத்து, எலிஸா இறந்த தேதியில் திறக்கச் சொல்லியிருந்தார். திறந்தார்கள். பெரும்பாலும் குடும்பச் சண்டைக் காகிதங்கள்தான்.

பணியாளர் பலகைகளை ஒவ்வொன்றாக மூடினார். பள்ளம் மறைந்தது, பைத்தியக்கார விடுதி மறுபடி சுவரானது. அடுத்த கூட்டம் வாசலில் நின்றது. நகர்ந்து வழிவிட்டேன்.