கலியாணத் தட்டு

தாத்தாவின் ரெக்கோட் பெட்டி பெல்மதுளையில் எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே பல வருடமாகக் கிடந்தது. கிராமபோன் எப்போதோ கைவிட்டுப் போய்விட்டது. இரத்தினபுரி மாவட்டத்து ஈரத்தில் தட்டுகளைப் பூஞ்சணம் தின்று முடிப்பதற்குள் பாட்டுகளைக் கணினியில் ஏற்றிவிடலாம் என்று பெட்டியை இறக்கினேன்.

மேலே கிடந்தவை எல்பி, வினைல். அடியில் இருந்தவை 78 சுற்றுத் தட்டுகள். அவை வினைல் அல்ல, அரக்குக் கலவை. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அரக்கு கரைந்துவிடும். வடித்த நீரில் மென்மையான துணியை நனைத்துத்தான் துடைக்க வேண்டும், லேபிளில் நீர் படாமல். பழைய தட்டின் பள்ளம் அகலம் என்பதால் எல்பி ஊசி அதன் அடியில் போய் உரசி, பாட்டைவிட இரைச்சலைத்தான் அதிகம் எடுக்கும். 78-க்கென்றே ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு அளவுள்ள ஊசி இருக்கிறது. அதைத் தேடிப் பிடிப்பதே பெரிய பாடு. பதிவை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் எடுத்து, இரைச்சலைக் குறைக்காத மூலப் பிரதியைத் தனியாக வைத்துக்கொண்டேன். இன்றைய மென்பொருள் இரைச்சலோடு சேர்த்து வீணையின் நுனி ஒலியையும் வழித்துவிடுகிறது. நாளைக்கு வருவது திறமாக இருக்கலாம்.

தட்டுகளைத் துடைக்கும்போதுதான் சந்தேகம் வந்தது. ஒரே தட்டு இரண்டு பிரதி. ஒன்றல்ல, பல பாட்டுகளுக்கு அப்படி. உறைகளில் வெவ்வேறு கையெழுத்தில் வெவ்வேறு பெயர்கள். தாத்தா தேயிலை ஸ்டோரில் வேலை செய்தவர். அந்தச் சம்பளத்தில் இத்தனை தட்டு வாங்க முடியாது. வாங்கினாலும் ஒரே பாட்டை இரண்டு தரம் வாங்கியிருக்க மாட்டார்.

ஒரு தட்டுக்கு லேபிளே இல்லை, கரப்பான் அரித்துவிட்டது. பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் இடைவெளியில் டோர்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பொறித்த எழுத்துத் தெரியும். 'சி.இ.ஐ.' என்று தொடங்கியது. இந்தியக் கொலம்பியாத் தட்டுகளின் அடையாளம் அது. கொலம்பியாவும் நாய் மார்க் எச்.எம்.வி.யும் 1931-இல் இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. என்று ஒன்றான பிறகு, இரண்டு தட்டும் கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில்தான் அச்சாகின. அன்று இலங்கையில் எச்.எம்.வி.க்கு முகவராக இருந்தது கார்கில்ஸ். எங்கள் தட்டும் கடல் கடந்து, கொழும்பிலிருந்து சப்ரகமுவ மலையேறி வந்திருக்க வேண்டும்.

ஓட விட்டேன். நாதஸ்வரம். முதல் இரண்டு நிமிடம் சுத்தம். பிறகு ஒரே கரகரப்பு. வெளிச்சத்தில் பார்த்தால், கடைசி ஒரு விரலகலம் மட்டும் கறுப்பு மங்கிச் சாம்பல் நிறம். ஊசி முழுத் தட்டிலும் ஓடித் தேய்ந்திருந்தால் இப்படி இராது. யாரோ திரும்பத் திரும்ப அந்த இடத்திலேயே ஊசியை வைத்திருக்கிறார்கள். இரைச்சலுக்குள் காது கொடுத்தால் தவில் வேகமாக அடிக்கிறது.

அத்தையிடம் போட்டுக் காட்டினேன். கேட்ட மாத்திரத்தில் சிரித்தார். "இது கலியாணத் தட்டுப்பா. மேளக்காரரைக் கூப்பிட வசதியில்லாத வீட்டுக்கு இதுதான் கெட்டிமேளம். தாலி கட்டுற நேரம் பாத்து உங்க தாத்தா ஊசிய வைப்பாரு."

மற்ற தட்டுகள்?

"அது நம்ம வீட்டுச் சாமான் இல்ல. கோயில் பெட்டி."

தாத்தா தோட்டத்து மாரியம்மன் கோயில் தலைவராகவும் இருந்தவர். 1948 பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழ் மக்களை, 1964-இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பங்கு பிரித்தது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் சரிபாதியாகப் பிரித்தார்கள். லயம் லயமாகத் தலைமன்னாருக்குப் புறப்பட்டபோது, போகிறவர்கள் தங்களிடமிருந்த தட்டுகளைத் திருவிழாவுக்கு ஆகட்டும் என்று கோயிலில் கொடுத்துவிட்டுப் போனார்கள். இரண்டு வீட்டில் ஒரே பாட்டு இருந்தால் பெட்டியிலும் இரண்டு சேரும். உறையில் உள்ள பெயர்கள் அந்தக் குடும்பங்களுடையவை.

பாட்டுகளில் பெரும்பாலானவை யூடியூப்பில் நம்முடையதைவிடத் தெளிவாகவே கிடைக்கின்றன. உறைப் பெயர்கள் எங்கும் கிடைக்காது. அதனால் வேலையின் வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் உறையின் இருபுறமும் படம், பிறகு லேபிள், பிறகு பொறித்த எழுத்து, கடைசியில்தான் பாட்டு. ஒலிக்கோப்புகளின் பிரதி இப்போது கோயில் நிர்வாகத்திடமும் இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெட்டி இருந்தால், கிழிந்த உறையென்று பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். துடைப்பதற்கு முன்பே படம் எடுங்கள். ஈழத்து, மலையக ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலக நிறுவனம் போன்றவற்றுக்கு அதைத் தெரியப்படுத்துங்கள். உறையில் பெயர் எழுதியவர்களின் பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டில் எங்கேயோ தேயிலைத் தோட்டத்திலோ நூற்பாலையிலோ இருப்பார்கள். அவர்கள் கண்ணில் படட்டும்.