முப்பத்தெட்டாம் பக்கம்

மரக்காணம் உப்பளத்துச் சிவப்புத் தண்ணீரில் உயிர் எதுவும் இல்லை என்று 1998-ல் எழுதிக் கொடுத்து முதுகலைப் பட்டம் வாங்கியவன் நான். தெரியாமல் செய்த பிழை என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதிதான் அப்படி. மீதி பொய்.

சித்திரை வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பு மேலேயே நடந்தேன். பாத்தியில் ஒருவர் உப்பு வாரிக்கொண்டிருந்தார். கணுக்காலுக்கு மேல் வெள்ளை பூத்திருந்தது.

"தண்ணி ஏண்ணே இப்படிச் செவந்து கெடக்கு?"

"செவந்தா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம் தம்பி. உள்ள என்னமோ இருக்குது."

இரண்டு பாட்டிலில் மொண்டுகொண்டு வந்தேன்.

அவர் சொன்ன 'என்னமோ', ஆர்க்கியா. பார்வைக்கு பாக்டீரியா மாதிரி இருக்கும் ஒரு செல் உயிர். இரண்டும் வேறு வேறு வம்சம் என்று கார்ல் வூஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் 1977-லேயே காட்டிவிட்டார்கள். உப்பளத்தில் வாழும் வகை, செல்லுக்குள் பொட்டாசியத்தை அடைத்து வைத்துக்கொண்டு வெளியே இருக்கும் உப்புக்கு ஈடுகொடுக்கிறது. நல்ல தண்ணீரில் போட்டால் பெரும்பாலும் வெடித்துவிடும். பாடப்புத்தகத்தில் இருந்த விஷயம்தான். நான் படிக்கவில்லை. எண்ணிக்கை எடுக்க வேண்டுமே என்று பத்து மடங்கு, நூறு மடங்கு, ஆயிரம் மடங்காகக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து, உப்பு போட்ட அகார் தட்டுகளில் தடவினேன். நாற்பத்தெட்டு மணி நேரம் கழித்துத் திறந்தேன். வெறும் தட்டு. 'நுண்ணுயிர் வளர்ச்சி இல்லை; நிறம் தாதுப் பொருட்களால் இருக்கலாம்' என்று எழுதி, தங்க எழுத்து போட்டு பைண்டிங்கும் செய்தாயிற்று.

இதுவரை சோம்பேறித்தனம். பதினாறாம் நாள் இன்குபேட்டரைத் துடைக்கச் சொன்னார்கள். அடித்தட்டின் மூலையில், பாலிதீன் கவரில் சுற்றிய ஒரே ஒரு பெட்ரி தட்டு. கலக்காத தண்ணீரை அப்படியே தடவியது. திறந்தேன். குண்டூசித் தலை அளவில் சிவப்புப் புள்ளிகள், மாதுளை முத்தின் நிறம். ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு கழிவு வாளியில் போட்டேன். வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "எத்தனை நாள் வைத்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்டார். "ரெண்டு வாரம் சார்" என்றேன். மரக்காணத்தையே எடுத்துச் செய்ய வந்த ஜூனியர் பையனிடம், "அங்க ஒண்ணும் இல்லப்பா" என்று சொல்லி அனுப்பியதும் நான்தான்.

சாக்கடலிலிருந்து முதலில் பிரித்தெடுத்த ஹாலோபெராக்ஸ் வால்கனி என்ற ஆர்க்கியாவைப் பற்றி 2019-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. அந்தச் செல்லுக்குள் சேதி சொல்லும் மூலக்கூறு ஒன்று இருக்கிறது, சைக்ளிக் டை-ஏஎம்பி என்று பெயர். அதை உண்டாக்கும் நொதி இல்லாவிட்டால் செல் பிழைக்காது. அளவுக்கு மீறிச் சுரக்க வைத்தாலும் சாகிறது. கொஞ்சமாகச் சுரக்கவிட்டு, உப்பைக் குறைத்தபோது செல் பெருத்தது. வெளியே உப்பு ஏறி இறங்குவதைச் சமாளிப்பதில் இதற்குப் பங்கு இருக்கும் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. மரக்காணத்தில் மழை பெய்தால் பாத்தித் தண்ணீருக்கு நடப்பதும் அதுதானே! படித்துவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை. நான் ஊற்றிய காய்ச்சி வடித்த நீரை எந்தச் சேதியாலும் சமாளித்திருக்க முடியாது.

என் 1998 ஆய்வேடு துறை நூலகத்தில் இன்னும் இருக்கிறது. யார் கையிலாவது கிடைத்தால், 38-ஆம் பக்கத்துக் கடைசி வரியை அடித்துவிடுங்கள். மரக்காணத்தில் தண்ணீர் மொள்ளப் போகிறவர்கள் உப்புக் கரைசலிலேயே கலக்குங்கள். தட்டை மூன்று வாரமாவது வையுங்கள்.