நோட்டில் இடம் மாறிய பெயர்

அடியே சிநேகிதி,

பதில் போடத் தாமதமானதற்குத் திட்டாதே. நேற்று நவம்பர் 2, கல்லறைத் திருநாள். தூத்தூர்க் கரையில் அன்றைக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? கல்லறைத் தோட்டத்தில் ஒரே கூட்டம். செவ்வந்தி விலையைக் கேட்டால் மயக்கமே வரும். பாடகர் குழுவில் கீச்சுக்குரலில் பாடுவாளே ஒருத்தி, அவள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். கல்லறைக்குப் பட்டா என்று நாலு பேர் முணுமுணுத்தார்கள். ஐந்தாவது ஆள் நான்தான்.

எங்கள் வீட்டுக்காரப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா? 2017 ஒக்கிப் புயலில் மகனைத் தொலைத்தவள். இங்கே ஆண்கள் தூண்டில் போட்டுச் சுறா பிடிக்க ஆழ்கடலுக்குப் போனால் வாரக்கணக்கில் அங்கேயே தங்குவார்கள். புயல் எச்சரிக்கை வந்தபோது அவன் கரையிலேயே இல்லை. உடலும் கிடைக்கவில்லை. காணாமல் போனவரை இறந்தவராகக் கருத ஏழு வருஷம் ஆகவேண்டும் என்பது சட்டம். ஒக்கிக்காக அரசு அதைத் தளர்த்தி 20 லட்சம் கொடுத்தது. பெரியம்மா கையெழுத்துப் போட்டாள். ஆனால் கோவில் நோட்டில் மட்டும் இறந்தவர்கள் பட்டியலில் அவன் பெயரை எழுத விடவில்லை. வருஷா வருஷம் ‘சிறப்புக் கருத்துக்காக’ என்றுதான் பூசைக்குக் கொடுப்பாள். மருமகள் பாவம், விதவையா இல்லையா என்று ஊரே அவள் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆறுதல் சொல்ல வந்த ஒருத்தி “எல்லாம் தேவ சித்தம்” என்றாளாம். “உன் மகன் வெளிநாட்டுல இருக்கான், உனக்கு சித்தம் நல்லாத்தான் விளங்கும்” என்று பெரியம்மா அனுப்பிவிட்டாள். பைபிளில் அவளுக்குப் பிடித்தது லாசரின் சகோதரி மார்த்தாதான். லாசர் சாகக் கிடக்கிறான் என்று தெரிந்தும் இயேசு இரண்டு நாள் கழித்துத்தானே கிளம்பினார்? வந்துசேர்ந்தபோது அடக்கம் செய்து நாலு நாள். மார்த்தா ஊருக்கு வெளியே போய், வழியிலேயே நிறுத்திக் கேட்டுவிட்டாள். “‘உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே’ன்னு அவரு சொன்னது சண்டை போட்டவகிட்டதான்டி” என்பாள் பெரியம்மா. அப்புறம் கல்லறைக்குப் போகிற வழியில் அவரே அழுதார், அதையும் விடமாட்டாள்.

இந்த மாதம் முடிந்தால் ஏழு வருஷம். போன வாரம் அவளே போய்ப் பெயரை இறந்தவர்கள் பட்டியலில் எழுதச் சொன்னாள். எழுதுகிறவர் பேனாவைப் பிடித்தபடி முழித்தாராம். எனக்கும் திக்கென்றது. “கைவிட்டுட்டீங்களா பெரியம்மா?” என்று கேட்டேன். “இத்தனை நாள் கடலு தரும்னு இருந்தேன். இனி ஆண்டவரு தரட்டும். காத்திருக்கிறதை நான் எங்க விட்டேன்?” என்றாள்.

நேற்று மாமனார் கல்லறையில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். ஒன்று மாமனாருக்கு. இன்னொன்றைக் காட்டி, “தாத்தாகிட்ட ஒதுங்கி இருக்கட்டும்” என்றாள். காற்றில் மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை, அந்தப் பட்டுச்சேலைக்காரிதான் முந்தானையை விரித்து மறைத்து நின்றாள். நான் வாயை மூடிக்கொண்டேன்.

உன் குழந்தை போனதிலிருந்து நீ கோவில் பக்கமே போகவில்லை என்று உன் அம்மா சொன்னாள். அடுத்த ஞாயிறு போ. திட்டுவதாக இருந்தாலும் அங்கே போய்த் திட்டு. கிறிஸ்துமஸ் லீவுக்கு இங்கே வா, பெரியம்மா உன்னைப் பார்க்கவேண்டுமாம்.