மொட்டை மாடியில் ஒரு காது

சென்னைக்கு மேற்கே, பாடியைத் தாண்டினால் முகப்பேர். 'மகப்பேறு' என்ற சொல்தான் இப்படித் திரிந்தது என்பது ஊராரின் நம்பிக்கை. பிள்ளை வரம் வேண்டி சந்தான சீனிவாசப் பெருமாளைத் தரிசிக்க வரும் தம்பதிகள் இன்றும் உண்டு. அருகிலேயே 1964-ல் பிறந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை. இங்கே வரிசை வரிசையாக வீட்டு வசதி வாரியக் குடியிருப்புகள். வீதியில் சத்தத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் நம் காதுக்கு எட்டாத பேச்சும் இவ்வூர் மொட்டை மாடிகளுக்கு மேலே ஓயாமல் போய்க் கொண்டிருக்கிறது. அதைப் பிடிக்கும் யந்திரத்துக்கு 'ஸ்கானர்' என்று பெயர்.

வீட்டு ரேடியோவில் நாம் குமிழைத் திருகி ஒரு நிலையத்தைப் பிடிக்கிறோம். ஸ்கானர் அந்த வேலையைத் தானே செய்கிறது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்ப்பது போல, வினாடிக்குப் பல அலைவரிசைகளைத் தட்டிப் பார்க்கும். பேச்சில்லையா? அடுத்த கதவு. பேச்சு உண்டா? அங்கேயே நின்று கேட்கும். முடிந்ததும் மறுபடி நடை. யாரும் பேசாதபோது எழும் 'உஸ்' என்ற இரைச்சலை அடக்கி வைக்கவும் அதில் ஏற்பாடு உண்டு.

என்னவெல்லாம் அகப்படும்? மீனம்பாக்கத்துக்கு வரும் விமானிகள் 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளில் பேசுகிறார்கள். இதில் ஒரு வேடிக்கை! இந்த அலைகள் பார்வையைப் போல நேராகச் செல்பவை. நாலு தெரு தள்ளி ஒருவர் கைக்கருவியில் பேசுவதைக் கட்டடங்கள் மறைத்துவிடலாம். ஆனால் 10 கிலோமீட்டர் உயரத்தில், திருச்சிக்கு மேலே பறக்கும் விமானியின் குரல் இங்கே வந்து சேரக் கூடும். சில சமயம் தரையிலிருந்து கேட்கும் கேள்வி காதில் விழாது. விமானியின் பதில் மட்டும் விழும். அடுத்த வீட்டு டெலிபோன் பேச்சு மாதிரிதான்!

சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பூமியைச் சுற்றும் விண்வெளி நிலையம் தலைக்கு மேலே கடக்கும் சில நிமிஷங்களில் அதன் குரலும் எட்டும். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து 'ஹாம்' ரேடியோ மூலம் நம் நாட்டு மாணவர்களுடன் பேசினார்.

ஆனால் ஒன்று: யந்திரத்துக்கு எட்டுவது வேறு, நமக்கு உரியது வேறு. செல்போன் பேச்சு சங்கேதமாகப் போவதால் ஸ்கானரில் வெறும் இரைச்சல்தான். போலீஸ் போன்றோரின் செய்திகள் நமக்கானவை அல்ல. பிறர் செய்தியை அனுமதியின்றி இடைமறிப்பதற்கு 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டப்படி சிறைத் தண்டனையும் உண்டு.

அப்படியானால் முறையாகக் கேட்க வழியில்லையா? இருக்கிறது. மத்திய சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்றால், 'ஹாம்' அலைவரிசைகளில் கேட்கலாம், பேசவும் செய்யலாம். 12 வயது நிரம்பினால் போதும்.

பொழுதுபோக்குக்கு இத்தனை சிரமமா என்று நினைக்க வேண்டாம். டில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, வெளிநாட்டு ஹாம் நண்பர்களுடன் பேசுவதற்காக 2004 டிசம்பரில் அந்தமானின் போர்ட் பிளேரில் ரேடியோ நிலையம் அமைத்திருந்தார். 26-ஆம் தேதி சுனாமி வந்தது. டெலிபோன்கள் ஊமையாயின. அவருடைய ரேடியோ ஊமையாகவில்லை. தீவில் சிக்கியவர்கள் உயிரோடிருக்கும் சேதி அதன் வழியாகத்தான் பல குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் நம் சென்னையே தத்தளித்தபோதும் ஹாம் நண்பர்கள் கை கொடுத்தார்கள்.

டெலிபோன் ஒருவரோடு ஒருவரைத்தான் இணைக்கிறது. நடுவே கோபுரம் சாய்ந்தால் இருவரும் அநாதை. ரேடியோவில் கூப்பிட்டாலோ, கேட்கிற காது எங்கேயாவது ஒன்று இருந்தால் போதும்.

ஆகவே, சகோதரிகளே, மாடியில் வடாம் காய்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரியல் கம்பி நட வேண்டும் என்று வீட்டுப் பிள்ளை கேட்டால் உடனே விரட்டி விடாதீர்கள். "முதலில் பரீட்சை எழுது" என்று மட்டும் சொல்லுங்கள்!