துணி கட்டிய சட்டி

குன்றத்தூர் முருகன் மலையிலிருந்து இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையின் பெயிண்ட் பிரிவில் வேலை. அங்கே ஆசிட் டிரம் பக்கம் போகவேண்டுமானால் கண்ணாடி, முழங்கை வரை கையுறை, ரப்பர் ஏப்ரன், பூட்ஸ் எல்லாம் மாட்டவேண்டும். மாட்டாதவனைப் பிடித்துத் திட்டுகிற ஆள் நான்தான். மார்ச் 4, தேசியப் பாதுகாப்பு நாள் அன்று உறுதிமொழியை நான் சொல்லச் சொல்ல மொத்த ஷிஃப்டும் திருப்பிச் சொல்லும். அவசரத்தின் ஆபத்தைப் பற்றி இரண்டு வரி எழுதி ஒரு ஃபிளாஸ்க்கூட பரிசு வாங்கியிருக்கிறேன். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அடுத்து நடந்ததன் லட்சணம் புரியாது.

அப்படி ஒரு மார்ச்சில்தான் மகளுக்குப் படிக்கிற மேசை ஒன்று செய்ய ஆரம்பித்தேன். எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு வெளிநாட்டிலிருந்து இயந்திரங்கள் பைன் மரப் பெட்டியில் வந்து இறங்கும். பிரித்த பலகை பழைய மரக் கடைகளுக்குப் போய்விடும். கோதுமைக் கதிர் முத்திரையும் பக்கத்தில் எச்டி என்ற எழுத்தும் இருக்கிறதா என்று ஒவ்வொரு பலகையாகப் புரட்டிப் பார்த்து வாங்கினேன். பூச்சி சாக, மரத்தின் நடுப்பாகம்வரை 56 டிகிரிச் சூட்டில் 30 நிமிடம் வைத்த மரம் என்று அதற்குப் பொருள். மருந்தடித்த மரமாக இருந்துவிடக் கூடாதே என்று பயம். அவ்வளவு ஜாக்கிரதைக்காரன்!

பைன் வெளிறிய மரம். எனக்கு அப்பா செய்கிற கறுப்பு வேண்டும். அப்பா தச்சர். பெயிண்ட் தொடமாட்டார். கொல்லையில் ஒரு மண்சட்டி வைத்திருப்பார். உடைந்த ஆணி, துருப்பிடித்த தகடு, ஒரு கட்டி வெல்லம், தண்ணீர். வாயில் பழைய வேட்டித் துணியைக் கட்டிவிடுவார். நாலு நாளில் புளித்து நாறும். நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவோம். இரண்டு மூன்று வாரம் கழித்து, மரத்துக்கு முதலில் கடுக்காய்த் தண்ணீரும் அது காய்ந்ததும் சட்டித் தண்ணீரும் பூசுவார். பூசும்போது ஒன்றும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தால் சாம்பலாகி, நீலம் பாய்ந்து, கறுத்துவிடும். கலம்காரித் துணியில் கறுப்புக் கோடு விழுவதும் இதே வித்தைதான். புளிப்பு இரும்பைக் கரைக்கிறது, கரைந்த இரும்பு கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து கறுக்கிறது.

வெல்லத்துக்கும் மூன்று வாரத்துக்கும் எனக்கு ஏது பொறுமை? வினிகரில் இரும்பு நாரைப் போட்டால் ஒரு வாரத்தில் ஆகிவிடும் என்று கேள்விப்பட்டு, ஒரு பாட்டில் வினிகரில் பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைப் போட்டு வைத்தேன். ஐந்தாம் நாளும் வினிகர் வினிகராகவே இருந்தது, நாரும் பளபளவென்று இருந்தது. அது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உலோகத்துக்குப் பெயிண்ட் அடித்துச் சம்பாதிக்கிறவனுக்கு இது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை. குளியலறை கழுவ வைத்திருந்த ஆசிட் கண்ணில் பட்டது. லுங்கி, பனியன், வெறுங்கால். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி ஊற்றி, ஒரு கைப்பிடி ஆணியைப் போட்டேன். அதில் பாதி துத்தநாகம் பூசிய ஆணி. சோடா உடைத்ததுபோல் பொங்கியது, பாட்டில் சுட்டது. எனக்கு ஒரே சந்தோஷம், வேலை நடக்கிறதே!

"என்னங்க இது, கண்ணு எரியுது" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது. நாற்றம் போகட்டும் என்று பாட்டிலின் மூடியை இறுக்கித் திருகிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

ரசம் சாதத்தில் கை வைத்தபோது மகள் எழுந்து பாட்டில் இருந்த அறைக்குப் போனாள். ஜாமெட்ரி பாக்ஸை எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பளத்தை உடைத்தாள். அப்போதுதான் வெடித்தது.

போய்ப் பார்த்தபோது சுவரில் அவள் தலை உயரத்துக்கு மஞ்சள் பச்சையாகக் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தது. சிமெண்ட் தரை சீறிக்கொண்டிருந்தது. நான் கதவிலேயே நின்றேன். கையில் ரசம் சாதம் காய்ந்துகொண்டிருந்தது. ஆசிட்டும் இரும்பும் சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வரும், அதற்கு வழி வேண்டும் என்று ஆண்டுதோறும் புதுப் பையன்களுக்கு வகுப்பெடுக்கிற வாய் இது. ஜன்னலைத் திறந்து, வீட்டிலிருந்த ஆப்ப சோடா முழுவதையும் கொட்டி, தண்ணீர் விட்டுக் கழுவினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து அந்த அறையில் விளக்கைப் போட்டேன். சுவரில் மாட்டியிருந்த அப்பாவின் உளிகள் ஆறும் செங்கல் நிறத்தில் இருந்தன. இழைப்புளியின் தகடு, ரம்பம், எல்லாமே. ஒரு சொட்டு ஆசிட்கூடத் தெறிக்காத எதிர்ச் சுவர் அது. ஆவி போய் உட்கார்ந்திருக்கிறது. அகல உளியை எடுத்துத் துடைத்தேன். விரலில் துரு வந்தது, அடியில் அம்மைத் தழும்புபோல் குழிகள். இறப்பதற்கு முந்தின மாதம்வரை அப்பா எண்ணெய் விட்டுத் தீட்டிய வாய்.

பிடி மட்டும் அப்படியே இருந்தது. கருவேலங்கட்டைப் பிடி. இரும்புப் பூண் கடிக்கிற இடத்தில் விரல் அகலத்துக்கு மரம் கறுத்திருந்தது. அப்பாவின் கை வியர்வையும் பூணின் இரும்பும் கருவேலத்தின் துவர்ப்பும் நாற்பது வருடமாகச் செய்த கறுப்பு. நான் தேடிக்கொண்டிருந்த அதே கறுப்பு, தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

உளிகளைத் தேய்த்து மீட்க முடியுமா என்று கேட்கச் சித்தப்பாவிடம் எடுத்துப் போனேன். அவரும் அந்தக் காலத்தில் அப்பாவோடு வேலை செய்தவர்தான். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "மூடி போட்டியா?" என்றார்.

"நாத்தம் தாங்கலை சித்தப்பா."

"நானும் ஒருதடவை அந்தச் சட்டி மேல தட்டு வெச்சு கல்லைத் தூக்கி வெச்சிட்டேன், நாத்தம்னுதான். உங்கப்பன் விட்டான் பாரு ஒரு அறை. துணி எதுக்குக் கட்டுறேன்னு நினைச்சேன்னு கேட்டான். ஈ மொய்க்காம இருக்கன்னு சொன்னேன். அதுக்கு இன்னொண்ணு விட்டான்."

எனக்கும் ஈ மொய்க்காமல் இருக்கத்தான் என்று இத்தனை நாள் நினைப்பு.

பிறகு முறையாகச் செய்தேன். நிஜமான இரும்பு நாரை வாங்கி, அதிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புப் போட்டு அலசி, கண்ணாடிப் பாட்டிலில் வினிகரோடு போட்டு, வாயில் துணி கட்டி, வெளியே வைத்தேன். நெருப்புப் பக்கம் இல்லை, பிள்ளைகள் கை எட்டும் இடத்திலும் இல்லை. பைனில் துவர்ப்புச் சத்து குறைவு. அதனால் நாட்டுமருந்துக் கடையில் கடுக்காய்த் தோல் வாங்கிக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றை முதலில் பூசிக் காயவிட்டேன். துண்டுப் பலகையில் பூசிப் பார்த்த பிறகுதான் மேசையில் கை வைத்தேன், அதுவும் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு. "கம்பெனிக்குக் கிளம்பிட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள் மனைவி.

மேசை கறுத்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து அது கறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உளிகளைச் சித்தப்பா தீட்டிக் கொடுத்தார். எவ்வளவு தீட்டியும் அகல உளியின் வாயில் ஒரு குழி போகவில்லை. செதுக்கினால் மரத்தில் மயிரிழையாக ஒரு கோடு நிற்கும். அப்பாவின் வேலையில் அப்படிக் கோடு விழுந்து நான் பார்த்ததில்லை. மேசையின் ஓரத்தில் அது இருக்கிறது.

"இது என்னப்பா கோடு?" என்று விரலால் தடவிக்கொண்டே கேட்டாள்.

"உப்புத்தாள் போட்டா போயிடும்" என்றேன். இன்னும் போடவில்லை.