பத்து வயதுப் பெரியவள்

மே 18, 2024, சனி. அட்லாண்டா

வருகிற செவ்வாயோடு மகளுக்குப் பத்து வயது நிறைகிறது. கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. இன்று ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தபோதுதான் அந்தப் பிறந்தநாளின் முழு விலை தெரிந்தது: 258 டாலர் 36 சென்ட். கேக் தனி.

ஜூனில் ஃபுளோரிடாவுக்கு, வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறோம். நாலு ராத்திரி, அவர்களுடைய விடுதியிலேயே. அறை எடுக்கிறவர்கள் விரும்பினால் சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே பணம் கட்டிவிடலாம். 2005-இல் தொடங்கிய ஏற்பாடு. கொரோனாவில் நின்றுபோய் இந்த வருஷம் ஜனவரி 9-ஆம் தேதிதான் திரும்பி வந்தது. நாங்கள் பார்த்த திட்டத்தில் ஆளுக்கு ராத்திரி ஒன்றுக்கு மூன்று 'கிரெடிட்': உட்கார்ந்து சாப்பிடுகிற சாப்பாடு ஒன்று, கவுண்டரில் வாங்கிச் சாப்பிடுவது ஒன்று, நொறுக்குத் தீனி ஒன்று. கூடவே, தங்கும் நாள் வரை விடுதியில் காபியோ கோலாவோ நிரப்பிக்கொண்டே இருக்க ஒரு மக்.

பெரியவருக்கு 94.28 டாலர். சிறுவருக்கு 29.69. மூன்று வயதிலிருந்து ஒன்பது வரை சிறுவர். மூன்றுக்குக் கீழே ஆளாகவே கணக்கில்லை, அப்பா அம்மா தட்டிலிருந்து ஊட்டிக்கொள்ள வேண்டியதுதான். பத்து பிறந்துவிட்டால் பெரியவர். அரை டிக்கெட், முக்கால் டிக்கெட் என்று நடுவில் எதுவும் இல்லை. ஒருவர் எடுத்தால் அறையில் மூன்று வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் எடுத்தாக வேண்டும் என்பது இன்னொரு விதி. ஆகவே நான், இவர், மகள், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் மாமியார் என்று நாலு பெரியவர்கள். ஆறு வயது மகன் ஒருவன்தான் சிறுவன். ஒரு ராத்திரிக்கு 406.81 டாலர். நாலுக்கு 1,627.24. மகள் இன்னும் சிறுவர் கணக்கிலேயே இருந்திருந்தால் இதில் அந்த 258.36 குறைந்திருக்கும்.

அடுப்படிக்குப் போய், "அவ பெரியவளாயிட்டா அத்தை, நாம முழுசாக் கட்டணும்" என்றேன். கையிலிருந்த கரண்டியைப் போட்டுவிட்டார். "என்னம்மா சொல்லுதே? பத்து வயசு கூட முடியலியே!" விளக்கிச் சொல்லி அவர் முகம் தெளிய ஐந்து நிமிடம் ஆனது. தெளிந்ததும் வந்த யோசனை எதிர்பார்த்ததுதான். "ஒம்போதுன்னு சொல்லிட்டாப் போச்சு. யாரு வந்து பாக்கப் போறா?"

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் என்னையும் இப்படி மடியில் குறுக்கி உட்காரவைத்துக் கொண்டுபோயிருக்கிறார்கள். கண்டக்டர் கேட்டால் சொல்ல வேண்டிய வயதை ஏறும்போதே மனப்பாடம் செய்துவைத்திருப்பேன். அதனால் யோசனை ஒன்றும் அதர்மமாகப் படவில்லை. ஆனால் என் மகள் மடியில் குறுகுகிற ஜாதி இல்லை. பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களுக்கு டிஸ்னியில் சட்டையில் குத்திக்கொள்ள இலவச பேட்ஜ் தருவார்கள் என்று எங்கோ படித்துவிட்டாள். அதை மாட்டிக்கொண்டு போகிற வருகிற எல்லோரிடமும் தனக்குப் பத்து என்று சொல்லப் போகிறவளை வைத்துக்கொண்டு எந்தப் பொய்யும் ஓடாது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. பெரியவர் சாப்பாட்டோடு வரும் பானத்தில் பீர், ஒயினும் சேர்த்தி, 21 வயதானவர்களுக்கு. 94 டாலரில் அந்தக் கோப்பைக்கும் ஒரு பங்கு இருக்கும்தானே. எங்கள் வீட்டு நாலு பெரியவர்களில் ஒருத்தி ஐந்தாம் வகுப்புக்குப் போகப் போகிறவள், ஒருவர் ஏகாதசி விரதம் இருக்கிறவர், நான் தொடுவதில்லை. இவர் மட்டும் மிச்சம். நால்வர் பங்கையும் தானே ஈடுகட்டுவதாகச் சொன்னார்.

ஜூன் 9, ஞாயிறு. ஃபுளோரிடா

விடியற்காலை கிளம்பி ஐ-75-இல் தெற்கே ஓட்டி, மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தோம். கரீபியன் பீச் என்ற விடுதி. ஏரியைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாகக் கட்டடங்கள். ஐந்தாவது ஆளுக்குச் சுவரிலிருந்து ஒரு குட்டிக் கட்டில் மடிந்து இறங்குகிறது; மகன் அதைப் பிடித்துக்கொண்டான்.

மக்குகள் கிடைத்தன. அடியில் சிப் வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தில் வைத்தால் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று அதுவே சொல்கிறது. அத்தை அதைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். வெந்நீர் பிடித்து, இடுப்பு முடிச்சிலிருந்து காசு எடுப்பதுபோல் கைப்பையிலிருந்து டீத்தூள் பொட்டலத்தை எடுத்தார். ஐந்து மக்கில் உருப்படியாக வேலைசெய்யப் போவது அது ஒன்றுதான் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

பேட்ஜும் வாங்கியாயிற்று. சட்டையில் குத்திக்கொண்டே தூங்குகிறாள்.

ஜூன் 10, திங்கள்

மேஜிக் கிங்டம். ராட்டினங்களில் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைத்தான் அளக்கிறார்கள். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலம் வேண்டும். மகன் குதிகாலை உயர்த்தாமலே தேறிவிட்டான். சாப்பாட்டுக்கும் இப்படி ஒரு குச்சி வைத்து வயிற்றை அளந்தால் என் நாத்தனார் மகனுக்கு ஐந்து வயதிலேயே முழுக் கட்டணம் விழும்.

மதியம் கவுண்டர் சாப்பாடு. செல்போனிலேயே ஆர்டர் செய்துவிட்டுப் போய் எடுத்துக்கொள்கிறோம். எந்தத் தட்டு எந்த வாய்க்குப் போகிறது என்று பார்க்க அங்கே ஆளில்லை. 3 முதல் 9 வரை உள்ளவர்கள் சிறுவர் பட்டியல் இருக்கும் இடத்தில் அதிலிருந்துதான் வாங்க வேண்டும் என்பது விதி. வாங்கினோம்: மகனுக்கு மெக்ரோனி சீஸ். கூடவே ஆப்பிள் துண்டும் கேரட்டும். 2006-இல் டிஸ்னி செய்த மாற்றம் இது. அதுவரை சிறுவர் சாப்பாட்டோடு தானாக வந்துகொண்டிருந்த பிரெஞ்சு ஃப்ரைஸையும் சோடாவையும் எடுத்துவிட்டு, பழமும் காயும் பாலும் வைத்தார்கள். ஃப்ரைஸ் வேண்டுமானால் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்கச் சோம்பலாக இருக்கிறவர்களின் பிள்ளைகள் கேரட் தின்றுவிடும். நல்ல யோசனைதான். என் மகன் கேட்டான்.

சிறுவர் பட்டியல் என்பதே எனக்கு இன்னும் பழகாத சங்கதி. பன்னிரண்டு வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன். எந்த ஊர், எந்த ஓட்டல் போனாலும் மெக்ரோனி சீஸ், சிக்கன் நக்கெட்ஸ், ஹாட் டாக் என்று மஞ்சளும் பழுப்புமாக அதே நாலு பண்டம். எங்கள் வீட்டில் குழந்தைக்கென்று தனியாக உலை வைத்ததில்லை. சாம்பாரில் கிடந்த காயைத் தண்ணீரில் அலசி, காரத்தைப் போக்கி வாயில் வைப்பார்கள். அலசுவது வருஷா வருஷம் குறையும். ஒருநாள் அலசாமலே தின்றுவிட்டிருப்போம். அது எந்தப் பிறந்தநாளில் நடந்தது என்று யாரும் குறித்துவைக்கவில்லை.

ராத்திரி, கன்டெம்பரரி விடுதியில் செஃப் மிக்கீஸ். மோனோரயில் கட்டடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. பஃபே என்பதால் இங்கே சிறுவர் பட்டியல் பேச்சுக்கே இடமில்லை. மகன் மூன்று தட்டு. மிக்கி வந்து கட்டிப்பிடித்தபோதும் கையில் கோழிக்கால். இந்த ஒரு வேளைக்கே சிறுவர் விலை, திட்டத்தில் அவனுக்கு ஒரு நாளுக்குக் கட்டிய 29.69-ஐத் தாண்டிவிடும். லாபம் வருவதென்றால் அவனிடம்தான் வரும். வேஷம் போட்டவர்கள் மேசைக்கு வரும் பஃபேக்களாகவே தேடிப் பிடித்தால் இன்னும் வரும். எதிர் நாற்காலியில் அத்தை. கொஞ்சம் மசித்த உருளைக்கிழங்கு, நாலு துண்டு முலாம்பழம். அவர் தலைக்கு 94.28.

மூன்று வயதுக்காரனுக்குச் சலுகை உண்டு. எழுபத்திரண்டு வயதில் வயிறு அதே அளவுக்குச் சுருங்கிவிட்டவருக்கு ஒன்றும் கிடையாது. 'ஒன்பது வரை' என்று எழுதியவர்கள் மறுமுனையிலும் ஒரு கோடு போட்டிருக்கலாம்.

ஜூன் 11, செவ்வாய்

அனிமல் கிங்டம். மதியம் பாண்டோரா பகுதியில் சட்டுலி கேன்டீன். இதை மனசாரப் பாராட்ட வேண்டும். பெரியவர்கள் சாப்பிடும் அதே கிண்ணம், சோறு, காய், மேலே கோழியோ டோஃபுவோ, சிறுவர் பட்டியலில் சின்ன அளவில் இருக்கிறது. மகன் மறுபேச்சில்லாமல் காலி செய்தான்.

ராத்திரி சானா. அனிமல் கிங்டம் லாட்ஜின் கிடானி வில்லேஜில் இருக்கிறது. ஆப்பிரிக்கச் சமையலில் நம் ஊர் வாசனை. நான் ரொட்டியும், தொட்டுக்கொள்ள வரிசையாகக் குட்டிக் கிண்ணங்களில் சட்னிகளும் வந்தன. தொடக்கப் பண்டங்கள் திட்டத்தில் சேராது, கைக்காசுதான். டிப்ஸும் அப்படியே, ஒவ்வொரு மேசையிலும் தனியாக. அத்தை கொத்தமல்லிச் சட்னியை விரலில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டு, "இது நம்ம வீட்டுச் சட்னில்லா!" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கி இலையைக் கடித்துக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு நான் சாப்பிட்டார். இந்த ஊருக்கு வந்து அவர் வயிறாரச் சாப்பிட்டது இன்றைக்குத்தான். அதுவும் திட்டத்துக்கு வெளியே.

மகள் பெரியவர் பட்டியலைக் கேட்டு வாங்கினாள். இருபக்கமும் படித்தாள். தம்பிக்குக் கொடுத்த படம் போட்ட சிறுவர் பட்டியல் பக்கம் கண் போவதும் வருவதுமாக இருந்தது. நான் பார்ப்பது தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து பட்டர் சிக்கன் சொன்னாள். நாலு வாய்க்கு மேல் இறங்கவில்லை. காரம். தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கண் சிவந்துவிட்டது. ஆனாலும், "அம்மா, எனக்குப் பிடிச்சிருக்கு" என்று மூன்று தடவை சொன்னாள். தம்பி தன் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு அவளுடையதை இழுத்துக்கொண்டான். ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. 94 டாலர்க்காரி 29 டாலர் தட்டையும், 29 டாலர்க்காரன் 94 டாலர் தட்டையும் காலி செய்தார்கள்.

ஜூன் 12, புதன்

விடுதியிலிருந்து எப்காட் பூங்காவுக்குக் கம்பியில் தொங்கும் கூண்டில் போனோம். ஸ்கைலைனர் என்று பெயர். இறங்குகிற வாசலை ஒட்டியே பிரான்ஸ். ஏரியைச் சுற்றிப் பதினோரு நாடுகளைக் கட்டி வைத்திருக்கிறார்கள், ஜப்பானும் உண்டு.

நடந்துகொண்டே இவர் செல்போனில் பார்த்துச் சொன்னார். பாரிஸ் டிஸ்னிலேண்டில் 11 வயது வரை சிறுவர் கட்டணம். டோக்கியோவில் நாலிலிருந்து 11 வரை. ஹாங்காங்கிலும் 11 வரை. அப்படியானால் இதே மகள் நிஜப் பிரான்சில் குழந்தை, நிஜ ஜப்பானில் குழந்தை, ஃபுளோரிடாவில் மட்டும் பெரியவள். அவளிடம் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "அப்போ நான் இங்கேயே இருக்கேன்" என்றாள்.

நொறுக்குத் தீனி கிரெடிட்டுக்கு வயது வித்தியாசம் கிடையாது. மிக்கி காது வைத்த ஐஸ்கிரீம் பாருக்கும் ஒன்று, தண்ணீர் பாட்டிலுக்கும் ஒன்று. விவரம் தெரிந்தவர்கள் தண்ணீரில் வீணாக்க மாட்டார்கள். கவுண்டரில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் சும்மாவே கிடைக்கும். அத்தை கேட்டது வாழைப்பழம். அதற்கும் ஒரு கிரெடிட். "ஒரு பழத்துக்கா? ஒரு தாரே வாங்கலாமே" என்று உரித்ததைக் கடிக்காமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

சாயந்திரம் அவருக்குக் கால் வலி, அறைக்குத் திரும்பிவிட்டார். நாங்கள் எப்காட்டிலேயே சாப்பிட்டோம். என்ன சாப்பிட்டோம் என்பது எழுதுகிற அளவுக்கு இல்லை. பத்து மணிக்குக் கதவைத் திறந்தால் அத்தை கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, வெந்நீரில் ஊறிய அவலில் ஐஸ் பெட்டியில் நாங்கள் கொண்டுவந்த வீட்டுத் தயிரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாத்திரம், அந்தச் சிப் வைத்த மக்.

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "ஆச்சி, எனக்கு?" என்று வாயைத் திறந்தாள். மூன்று உருண்டை.

ஜூன் 13, வியாழன். வழியில்

அறையைக் காலி செய்யும் நாளின் நள்ளிரவோடு மிச்சக் கிரெடிட் செத்துப்போகும். காலைப் பலகாரத்துக்குப் பிறகும் ஒன்பது நொறுக்குத் தீனியும், அத்தையின் உட்கார்ந்து சாப்பிடும் சாப்பாடு ஒன்றும் பாக்கி. சாப்பாட்டை ஒன்றும் செய்ய முடியாது. தீனிக்குப் போய், அரிசிப் பொரியைச் சீனிப்பாகில் பிடித்து மிக்கி தலை மாதிரி வெட்டிய கட்டிகளை ஒன்பது வாங்கினோம். எனக்குப் பின்னால் நின்ற அம்மாளும் அதே காரியத்துக்குத்தான் வந்திருந்தார். அவர் கூடையில் பதினாலு. இரண்டு பேரும் சிரித்துக்கொண்டோம். நாலு நாளாக நான் பசியைப் பார்க்கவில்லை, பாக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் பசிக்கவில்லை என்றபோதெல்லாம் கோபம் வந்தது எனக்கு. போட்டுப் பார்த்ததில் கட்டியதற்குச் சாப்பிட்டவர் மகன் ஒருவன்தான். இவர் ஒயினைக் கொண்டு கிட்டத்தட்ட வந்துவிட்டதாகச் சாதிக்கிறார்.

ஜார்ஜியா எல்லை தாண்டி வால்டோஸ்டாவில் நெடுஞ்சாலையோரம் ஒரு சின்ன உணவகத்தில் நிறுத்தினோம். பரிமாறுகிற அம்மாள் எங்களைப் பார்த்ததும் கேட்காமலேயே இரண்டு காகிதப் பட்டியலும் இரண்டு டப்பி கிரேயானும் கொண்டுவந்து பிள்ளைகள் முன்னால் வைத்தார். மேலே '12 வயது வரை' என்று அச்சடித்திருந்தது.

மகள் பேட்ஜைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "எனக்குப் பத்து" என்று அந்த அம்மாளிடம் சொன்னாள். "அப்படியா, வாழ்த்துகள் கண்ணு" என்று அவர் தண்ணீர் எடுக்கப் போய்விட்டார். பட்டியலில் அதே மெக்ரோனி, அதே நக்கெட்ஸ். பின்பக்கம் ஒரு முதலை, அதைக் குட்டியிடம் கொண்டுசேர்க்க ஒரு புதிர்ப்பாதை. கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே லாரிகளைப் பார்த்தாள். பிறகு டப்பியைத் திறந்து பச்சையை எடுத்தாள்.